குதிரை குனிந்து போன வாசல்

என் வீட்டுக்காரருக்குக் குதிரை என்றால் பயம். ஒரு தடவை சேந்தமங்கலம் சந்தையில் ஒரு மட்டக் குதிரை தும்மியதற்கே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஆனால் எங்கள் கரட்டுப்பாளையத்துக்கு வந்து வெறும் அப்புசாமி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குதிரைக் கொட்டாய் அப்புசாமி என்று கேட்க வேண்டும்.

குதிரைக் கொட்டாய் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டின நீளமான கட்டடம். ஓடு பாதி போய்விட்டதால் அந்த இடத்தில் தகரம் போட்டிருக்கிறோம். என் மாமனாரின் தாத்தாவுக்கும் முன்னால் யாரோ ஒரு பெரியவர் அதில் குதிரைகளைக் கட்டி வைத்திருந்தாராம். எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் இருபது என்றார்கள். எங்கள் கோழிப்பண்ணை பெருகப் பெருகக் குதிரைகளும் பெருகி, இப்போது நூற்றைம்பதில் வந்து நிற்கிறது. நான் வாழ வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டாயில் கோழித் தீவன மூட்டையைத் தவிர வேறெதையும் கண்டதில்லை.

இந்தக் கண்ணில் படாத குதிரைகளால் எங்களுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பங்குனி நோன்புத் திருவிழாவில் எங்கள் வேட்டைக்காரசாமி மரக்குதிரை மேல் ஏறி வேட்டைக்குப் புறப்படும். குதிரை ஆளுயரம் இருக்கும். சக்கரம் வைத்த சப்பரத்தில் நிற்கும். அதன் வாயிலிருந்து ஒரு பட்டுக்கயிறு தொங்கும். அதுதான் கடிவாளம். சப்பரத்தை இழுப்பது இளவட்டங்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது குதிரைக் கொட்டாய்க்காரர். அவருக்குப் பின்னால் குடை பிடித்து வருவது பங்காளி. கோயிலிலிருந்து கரட்டடிக்கு, அந்தச் சின்னக் குன்றின் அடிவாரத்துக்கு, கால் மணி நேரம் நடக்க வேண்டும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

வெளியாளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் என் வீட்டுக்காரரைப் பாருங்கள். கூடப் படித்தவர்கள் லாரி வாங்கினார்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கினார்கள், நாமக்கல்லில் மாடி மேல் மாடி கட்டினார்கள். இவர் கோழி வளர்க்கிறார். அந்தக் கோழிகளும் என் பேச்சைத்தான் கேட்கின்றன. வருஷம் முழுக்க இவரிடம் ஒருத்தரும் யோசனை கேட்பதில்லை. பங்குனியில் அந்தக் கால் மணி நேரம் மட்டும் ஊரே விலகி வழி விடும். தலைப்பாகை கட்டி, மார்பில் சந்தனம் பூசி, கயிற்றைப் பிடித்து நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். அந்த நிமிர்வை வைத்துத்தான் அடுத்த பங்குனி வரை காலத்தை ஓட்டுவார். அந்தக் கயிறு கையை விட்டுப் போனால் மனுஷன் உடைந்து போவார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

குடை பிடிக்கிற பங்காளி நவநீதகிருஷ்ணன். இவருக்குச் சித்தப்பா மகன். ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். வடக்கே எங்கெங்கோ போய் பூமியைத் துளைத்துவிட்டு வருவார். இத்தனை வசதி இருந்தும் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்காரர் தலைக்குக் குடை பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்குக் கையிலும் வலி, நெஞ்சிலும் வலி.

போன வருஷம் தை மாதத்தில் அகல்யா வந்தாள். சேலம் அம்மாபேட்டைப் பெண். தொல்லியல் படித்தவள். பழைய காலத்துக் குதிரை லாயங்களைத் தேடி ஆராய்ச்சி செய்கிறாளாம். தறிக்குழிப் பக்கத்திலேயே வளர்ந்தவள் என்பதால் தறிச் சத்தத்தை மீறிப் பேசித்தான் பழக்கம். "வணக்கங்கம்மா" என்று அவள் வாசலில் சொன்னதற்குப் பண்ணையில் கோழிகள் ஒரு சுற்று எழுந்து உட்கார்ந்தன.

"லாயம்னு சொன்ன எடத்துக்கெல்லாம் போய்ப் பார்த்துட்டேம்மா. ஒண்ணு சத்திரமா இருக்குது, இல்லேன்னா வண்டி நிறுத்தற கொட்டகையா இருக்குது. உங்க ஊர்லதான் பேரே குதிரைக் கொட்டாய்னு இருக்குது. இதுவாச்சும் நெசமா இருக்கோணும்" என்றாள்.

என் வீட்டுக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. "வா சாமி, வா. நூத்தம்பது குதிரை நின்ன எடம்" என்று கூட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த வாசல் அப்படி. நானே குனிந்துதான் போவேன். நிலைக்குக் கீழே கல்படி வேறு முழங்கால் உயரத்துக்கு நிற்கும்.

அகல்யா வாசலையும் அவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, இவ்வளவு சின்ன வாசலா இருக்குதே. குதிரை எப்படி உள்ள போயிருக்கும்?"

"குனிஞ்சுதான் போயிருக்கும்."

"குதிரையா?"

"எங்கூட்டுக் குதிரை அம்மிணி. மருவாதி தெரிஞ்ச குதிரை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொல்லிமலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. குதிரை நிற்கிற தரை சரிவாக இருக்க வேண்டும், மூத்திரம் ஓட வாய்க்கால் இருக்க வேண்டும், இங்கே இரண்டும் இல்லையே என்றாள். நேரத்துக்கு நேரம் வெளியே ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றார். கட்டுகிற வளையமோ துளை போட்ட கல்லோ இல்லையே என்றாள். கட்டாமலே நிற்கிற ஜாதி என்றார். சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு நீளமான கல் மேடை போகிறதே, இது எதற்கு என்றாள். குதிரை ஏறி நிற்க என்றார். "எதுக்குங்க ஏறி நிக்கோணும்?" என்று அவள் விடாமல் கேட்க, "சேறு படாம இருக்கோணுமல்ல" என்றார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்கிறேன், இந்த மனுஷனுக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

விஷயம் நவநீதகிருஷ்ணன் காதுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஊரார் இருக்கும்போது எழுந்து நின்றுவிட்டார்.

"அப்புசாமியண்ணன் மேல எனக்குக் கோவமில்லீங்க. ஆனா அது மாட்டுக் கொட்டாயிங்க. எங்கப்பாரு சொல்லியிருக்குறாரு. மாட்டுக் கொட்டாய்க்காரரு கடிவாளம் புடிச்சா சாமி ஏத்துக்குமுங்களா? படிச்ச புள்ள வந்திருக்குது. அது சொல்லட்டும்."

பூசாரி கருப்பண்ணன் எதையும் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கிறவர். "செரி. அந்தப் புள்ள சொல்றதுதான் முடிவு. குதிரைன்னு சொன்னா கயிறு அப்புசாமிக்கே. இல்லைன்னா குடை புடிக்கிறவருக்குக் கயிறு" என்று திருநீற்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் வீறாப்பாகச் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார்.

அகல்யா முறைப்படி அனுமதி வாங்கி வந்து, தீவன மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லி, உள்ளே இரண்டும் வெளியே இரண்டுமாகச் சின்னச் சின்னக் குழிகள் போட்டாள். கரண்டியால் சுரண்டுவாள், தூரிகையால் கூட்டுவாள், மண்ணைச் சல்லடையில் சலிப்பாள். நான் வாழ்க்கையில் அரிசி மாவைக்கூட அவ்வளவு பொறுமையாகச் சலித்ததில்லை.

முதல் சில நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏதாச்சும் சிக்குச்சா சாமி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு நாள் நாமக்கல் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது கையில் கனமான மஞ்சப் பை. மறுநாள் தொழுவத்துப் பக்கம் போனால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மாட்டு மூத்திரம். உள்ளே கையை விட எனக்கென்ன தலையெழுத்தா, குச்சியை விட்டுத் துழாவினேன். டங்கென்றது.

லாடங்கள். லாரி அலங்காரச் சாமான் விற்கிற கடையில் வாங்கினவை. புது லாரி முகப்பில் எலுமிச்சம்பழம், மிளகாய், கறுப்புக் கயிற்றோடு அதிர்ஷ்டத்துக்கு அடிப்பார்களே, அதே லாடம். துருப்பிடிக்கட்டும் என்று மூத்திரத்தில் ஊறப் போட்டிருக்கிறார்.

"ஏனுங்க, என்ன காரியமிது?" என்றேன்.

"மெல்லப் பேசு புள்ள. எங்க பாட்டன் குதிரைக்குப் போட்ட லாடம் மண்ணுக்குள்ள எங்கியோ கெடக்குது. அது அந்தப் புள்ள கண்ணுல படாமப் போயிருச்சுன்னா? அவளுக்கு ஒத்தாசைக்கு ரெண்டு போட்டு வெக்கறன். இல்லாததையா போடறன்?"

"பாட்டன் லாரி ஓட்டுனாருங்களா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அன்று மத்தியானம் நான் அகல்யாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்க, அவர் கொட்டாய்க்கு வெளியே குழியில் மண் போட்டுக்கொண்டிருந்தார். உண்டு முடித்து அவள் கை கழுவும்போது பல்லெல்லாம் தெரிய வந்து நின்று, "இன்னொரு வாய் ரசஞ்சோறு சாப்புடு கண்ணு, அவசரமென்ன" என்றார். விரலிடுக்கெல்லாம் மண்.

சாயங்காலமே லாடங்கள் கிடைத்துவிட்டன. கிடைக்காமல் என்ன செய்யும், ஒரு சாண் ஆழத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். அகல்யா ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் மேல் வைத்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அப்புறம் இரண்டாவது குழிக்குப் போனாள். அங்கேயும் ஏதோ தட்டுப்பட்டது. சின்னச் சின்னத் தகடுகள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாட்டு லாடம். மாட்டுக் குளம்பு பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு பட்டை அடிப்பார்கள். அதைத்தான் யாரோ கொண்டு வந்து புதைத்திருக்கிறார்கள். சந்தைக் கடைக்காரன் கட்டிக் கொடுத்த சணல்கூடப் பிரிக்காமல் கொத்தாகக் கிடந்தது. ரிக் வண்டிக்காரர்களுக்கு எதற்கும் நேரம் கிடையாது.

நவநீதகிருஷ்ணன் அந்த நேரம் பார்த்து வந்து நின்றார். தற்செயலாக இந்தப் பக்கம் வந்தாராம். இரண்டு பேரும் சாக்கைக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் அப்போதுதான் பார்க்கிறார்கள்.

அகல்யா ஒரு குதிரை லாடத்தைக் கையில் எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதன் துளையில் ஒரு ஸ்டார் ஸ்குரூ மாட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சிவப்புப் பெயிண்டு.

"நானு நாமக்கல் பக்கமே போவுலியே" என்றார் என் வீட்டுக்காரர், தானாகவே.

"எனக்குச் சந்தைல என்னங்க வேலை? மாட்டு லாடம் எந்தப் பக்கம் விக்குமுன்னுகோட எனக்குத் தெரியாதுங்க" என்றார் நவநீதகிருஷ்ணன், இன்னும் வேகமாக.

எனக்கு அடக்க முடியவில்லை. "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாமே, அந்தக் கதையால்ல இருக்குது!" என்று சொல்லிவிட்டேன்.

அகல்யா அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை."

லாடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டாய்க்குள் ஓடினாள். அவசரத்தில் குனிய மறந்து அவளும் நெற்றியை இடித்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன். கல் மேடைகளின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "இங்கெல்லாம் எலி உண்டாம்மா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் எலி, பண்ணையில் எலி, ஆனால் இத்தனை தீவனம் அடுக்கியும் இந்தக் கொட்டாயில் நான் ஒரு எலியைக் கண்டதில்லை. சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போய், அதுவரை சலித்து எடுத்து வைத்திருந்த பொட்டலங்களையெல்லாம் பிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரகசியம் சொல்கிற முகம்.

"அம்மா, உங்களுக்கு மட்டும் சொல்றேன். அது லாயம் இல்லை. மாட்டுக் கொட்டாயும் இல்லை. மேடை மேல வட்ட வட்டமாத் தடம் இருக்குது பாருங்க, அது தானியக் குதிர் நின்ன தடம். ஆளுயர மண்குதிர், வரிசையா. ஈரம் ஏறாம இருக்க மேடை. எலி தோண்ட முடியாம இருக்கச் சுண்ணாம்புத் தரை. எலியும் தண்ணியும் ஏறாம இருக்கத்தான் அந்த உசரமான படி, சின்ன வாசல். நாலு குழியிலயும் சலிச்ச மண்ணுல கருகின ராகி, சோளம், கம்பு. நான் குதிரையையே தேடிட்டு இருந்ததால அது கண்ணுல பட்டும் படல. இது தானியக் கொட்டாய்ம்மா. குதிர்க் கொட்டாய். ஊர்வாயில பொழங்கிப் பொழங்கிக் குதிரைக் கொட்டாய் ஆயிருச்சு."

இது அம்மாபேட்டை ரகசியம். தறி பத்து ஓடினாலும் கேட்கும். முன்கட்டு ஆசாரத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இவருக்கு இல்லாத குதிரையே இரண்டையும் செய்துவிட்டது.

அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாட்களில் குழிப் பக்கமே போகவில்லை. பீரோவிலிருந்து அந்தத் தலைப்பாகைத் துணியை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "இஸ்திரி போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் துணியை வைத்து நான் அவரைச் செய்யாத கேலி இல்லை.

நேராக அகல்யாவிடம் போனேன். "ஏங் கண்ணு, ஒரே ஒரு குதிரை இருந்துதுன்னு சொல்லக்கூடாதா? நூத்தம்பது வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. அது நொண்டியாக்கூட இருக்கட்டும்."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "சொல்லலாம்மா. யாரும் வந்து சரிபார்க்கப் போறதில்லை. எனக்கும் லாயம்தான் வேணும், அதுக்குத்தான் வெயில்ல அலையறேன். ஆனா நானே பொய்க் குதிரையக் கட்டி வெச்சுட்டா, அப்புறம் நெசக் குதிரைய எங்க போயித் தேடறது?" என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கோபம். அன்று அவளுக்குக் குழம்பில் உப்பைக் கூடப் போட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

நோன்பு சாட்டிய அன்றைக்குக் கோயிலில் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நவநீதகிருஷ்ணன் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். பூசாரி மைக்கை நீட்டினார். அகல்யா வேண்டாம் என்றாள். அவளுக்கு எதற்கு மைக்? லாடக் கதையைப் பற்றி மூச்சுவிடாமல், தடம், தரை, படி, கருகின தானியம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி முடித்தாள். குதிரையும் இல்லை, மாடும் இல்லை, குதிர் என்றாள். கூட்டம் சலசலத்தது. என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு வளைந்திருந்தது.

பூசாரி தலையைச் சொறிந்தார். "குதிரை இல்லீன்னா, பேசுனபடி..."

நவநீதகிருஷ்ணன் அதோடு விட்டிருக்கலாம். கயிறு கைக்கு வந்துவிட்டது. ஆனால் குடை பிடித்த கை வலியெல்லாம் அன்றைக்குத் தீர வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து சிரித்தார்.

"குதிராமுங்க, குதிரு! நம்மூர்ல குதிருல ஆம்பள கைய உடுவானுங்களா?" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. குதிரில் தானியத்தைக் கொட்டுவது யாராக இருந்தாலும் சரி, அடைப்பைத் திறந்து அள்ளுவது வீட்டுப் பெண்ணின் கைதான். ஆண் கை வைத்தால் அள்ள அள்ளக் குறைந்துபோகும் என்று சொல்வார்கள். என் மாமனார் ராகி வேண்டுமானால் குதிருக்கு முன்னால் நின்று மாமியாரைக் கூப்பிடுவாரே தவிர, கையை நீட்ட மாட்டார்.

"பொம்பளைங்க பொழங்கற கொட்டாயி! அத வெச்சுட்டுப் பாட்டங் காலத்துல இருந்து மீசையில்ல முறுக்கிட்டு வந்திருக்குறோம்! அது முழுக்கப் பொம்பளைங்க சமாச்சாரமுங்க" என்று நவநீதகிருஷ்ணன் நாலா பக்கமும் பார்த்துச் சொன்னார். ஆண்கள் பக்கம் சிரித்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய சம்சாரம் கலாமணி எழுந்தாள். வாய் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள்.

"ஏனுங்க, அந்தக் கொட்டாயி ஆம்பளைங்களுது இல்லைங்கறீங்க?"

"இல்லைங்கறனே."

"பொம்பளைங்களுது."

"ஆமாங்கறேன்!"

"அப்ப அதுக்கு உண்டான மருவாதி யாருக்குங்க?"

நவநீதகிருஷ்ணனின் வாய் திறந்தபடி நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி கருப்பண்ணன் வானத்தைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுத்தது, கொட்டாய்க்காரங்க கயிறு புடிக்கோணும், பங்காளி குடை புடிக்கோணுமுன்னுதான். குதிரைக்காரங்கன்னு சொல்லுல. கொட்டாயி பொம்பளைங்களுதுன்னு நவநீதனே ஊரறியச் சொல்லிப்போட்டாரு. அப்பறம் நானென்னத்தச் சொல்றது? பெரியூட்டுல சௌந்திரம் கயிறு. பங்காளியூட்டுல கலாமணி கொடை. நேரமாச்சு" என்றார்.

"அதெப்படீங்க..." என்று ஆரம்பித்தார் நவநீதகிருஷ்ணன்.

"நீங்க சப்பரத்தத் தள்ளுங்க. கை காலுக்கு நல்லதுங்க" என்று கலாமணி உட்கார்ந்துவிட்டாள். அவரும் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டுமே.

சௌந்திரம் என்பது நான்தான். எல்லாருடைய கண்ணும் என் மேல். நான் பார்த்தது தூணோரம் நின்ற மனுஷனைத்தான். வேண்டாம் என்று சொல்லி அவருக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் மறு நிமிஷமே ஆசை வந்துவிட்டது. அதை ஏன் மறைக்க? இருபத்தெட்டுப் பங்குனி ஓரமாக நின்று பார்த்தவள் நான். ஒரு தடவை அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்க எனக்கும் ஆசை இருந்திருக்கிறது. இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவர் என்னிடம் வந்தார். "புடிக்கிறயா?" என்றார்.

"புடிக்கட்டுங்களா?"

அவர் கண் கலங்கியிருந்தது. "புடி" என்றார்.

வேட்டைக்குப் புறப்படும் நாளில் கரட்டுப்பாளையத்துப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். அகல்யாவும் வந்திருந்தாள், அவள் போட்ட குலவையில் மேளக்காரர் ஒரு அடி தவறவிட்டார். கலாமணி குடையை ஏந்திக்கொண்டு என் பின்னால் நின்றாள். நவநீதகிருஷ்ணன் சப்பரத்துக்குப் பின்னால் எங்கேயோ இருந்தார். பூசாரி பட்டுக்கயிற்றை என் கையில் கொடுத்தார். கை வேர்த்திருந்தது. வழுக்கிவிடக் கூடாதே என்று இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கிப் பிடித்து நடந்தேன். ஊர் விலகி வழி விட்டது. அப்படி ஒரு வழியில் நடந்து பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது. என் முதுகும் தானாக நிமிர்ந்தது.

என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் ஓரமாக நடந்து வந்தார். தலைப்பாகை இல்லை, சந்தனம் இல்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தடவை பின்னால் கட்டினார், ஒரு தடவை முன்னால் கட்டினார், அப்புறம் தொங்கவிட்டார். திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கரட்டடி நெருங்கும்போது என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சௌந்திரம், அத்தனை இறுக்காத சாமி. லூசா புடி. குதிரைக்கு வாய் வலிக்கும்."

மரக்குதிரைங்க அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கயிற்றைத் தளர்த்திப் பிடித்தேன்.